வளராத இறால்: குற்றம் குளத்திலா, குஞ்சிலா?

பொதட்டூர்பேட்டையில் 'கவுண்ட்' என்றால் நூல் கவுண்ட். கவுண்ட் ஏற ஏற நூல் நயமாகும், விலையும் ஏறும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே சொல் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியிலும் வழங்குகிறது. பழவேற்காடு ஏரியை ஒட்டியும், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்து உப்பங்கழிகளை ஒட்டியும் உள்ள இறால் குளங்களில், ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதே கவுண்ட். அங்கே கணக்கு தலைகீழ். கவுண்ட் ஏறினால் இறால் சிறுத்துவிட்டது என்று பொருள், விலை இறங்கும்.

பள்ளிப்பட்டு வழியே வரும் கொசஸ்தலை ஆறுதான் பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. ஆற்றின் மேற்கே தறி, கிழக்கே இறால். மேற்கே உள்ளவர்கள் கிழக்கே நடப்பதைப் பற்றி எழுதுவது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். கடன் வாங்கித் தொழில் செய்பவன் முதலை இழப்பது எந்தக் கோடியில் நடந்தாலும் ஒரே சங்கதிதான். மேலும், இந்தக் கிழக்குக் கோடி நோய்க்கு உரிய மருந்தை, நெசவோடு உறவுள்ள ஒரு தொழில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நோயின் பெயர் இ.எச்.பி. முழுப்பெயர் எண்டிரோசைட்டோசூன் ஹெபட்டோபினேயி. மைக்ரோஸ்போரிடியா என்னும் ஒட்டுண்ணிக் கூட்டத்தைச் சேர்ந்தது. வகைப்பாட்டில் பூஞ்சைகளுக்கு நெருங்கிய உறவு. தாய்லாந்தில், வளர்ச்சி குன்றிய புலி இறாலில் கண்டு, 2009-இல் இதற்குப் பெயரிட்டார்கள். 2023-இல் பேரினப் பெயரை மாற்றினார்கள். பெயரை மாற்றினால் நோய் போய்விடுமா? பண்ணைக்காரர்களுக்கு அது இன்றும் இ.எச்.பி.தான்.

நம் நாட்டுக்கு அது வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி வைரஸ் நோய் வந்து புலி இறால் வளர்ப்பை முறித்துப்போட்டது. பின்னர், 2009-இல் அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமி இறாலைக் கொண்டுவர அனுமதி கிடைத்தது. நோயற்றவை என்று சான்று பெற்ற தாய் இறால்கள் விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்கிய பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்குப் போகும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். இருந்தும், சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், இந்திய வனாமி பண்ணைகளில் இ.எச்.பி. தலையெடுத்துவிட்டதை 2016-இல் ஆராய்ச்சி இதழில் பதிவு செய்தார்கள். இந்நோயால் நாட்டுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய் இழப்பு என்று அந்நிறுவனத்தாரின் 2021-ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. வெள்ளைப்புள்ளி நோயால் வரும் இழப்பைவிட இது அதிகம்.

இத்தனைக்கும் இந்த நோய் பெரும்பாலும் இறாலைக் கொல்வதில்லை! இதன் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

ஒட்டுண்ணியின் வித்து ஒரு மைக்ரான் நீளம். அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் ஒரு மெல்லிய குழல் ஐந்தாறு சுற்றாகச் சுருண்டிருக்கிறது. நாடாவுக்குள் தார் சுற்றிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இறால் அடிச்சேற்றை மேயும்போது வித்தும் வயிற்றுக்குள் போகிறது. உள்ளே போனதும் அந்தக் குழல் வெடித்து வெளியே பாய்ந்து, இறாலின் செரிமானச் சுரப்பியிலுள்ள ஓர் உயிரணுவைக் குத்துகிறது. வித்தின் உள்ளீடு முழுவதும் குழல் வழியே அந்த உயிரணுவுக்குள் இறங்கிவிடுகிறது. ஊசி போடுவது போலத்தான்.

நமக்குக் கல்லீரலும் கணையமும் தனித்தனியே செய்கிற வேலைகளை இறாலுக்கு அந்த ஒரு சுரப்பியே செய்கிறது. தின்றதைச் செரிக்கும் நொதிகள் அங்கேதான் ஊறுகின்றன. செரித்ததை உறிஞ்சுவதும், அடுத்து ஓடு கழற்றுவதற்கு வேண்டிய கொழுப்பைச் சேர்த்துவைப்பதும் அதே இடம். உள்ளே நுழைந்த ஒட்டுண்ணிக்கோ சொந்தமாக உணவை எரித்துச் சக்தி எடுக்கும் கருவி கிடையாது. மைட்டோகாண்டிரியா பெயரளவுக்கு ஒரு எச்சமாக நிற்கிறது. சர்க்கரையைச் சிதைக்கும் வழியையும் பரிணாமத்தில் அது தொலைத்துவிட்டது. ஆகவே இறாலின் உயிரணு தனக்காகத் தயாரித்த ஏ.டி.பி.யை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அடுத்த வீட்டு அடுப்பில் சமைத்து உண்கிற ஜீவன்! வளர்ந்து, பிரிந்து, ஓர் உயிரணுவுக்குள் பல வித்துகளாகப் பெருகுகிறது. உயிரணு கழன்று உடைந்து, வித்துகள் குடலுக்கு வந்து, மலத்தோடு குளத்தில் விழுகின்றன. அந்த மலத்தையும், செத்த சகோதரனையும் மற்ற இறால்கள் தின்னும். இறாலின் இயல்பு அது. குறை சொல்லிப் பயனில்லை. சுற்று மறுபடியும் தொடங்குகிறது.

இதனால் இறால் சாவதில்லை, வளராமல் நிற்கிறது. தீவனம் போடப் போடத் தின்னும், உடம்பில் ஒட்டாது. ஒரே நாளில் விட்ட குஞ்சுகளில் ஒன்று விரல் நீளம், ஒன்று பாதி விரல் நீளம் என்று ஏறுமாறாகக் கிடக்கும். விப்ரியோ பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டால் வெள்ளை நூல் போன்ற மலம் குளத்தின் மேல் மிதக்கும். பண்ணைக்காரர் பயந்துபோவது பெரும்பாலும் அந்த வெள்ளை மலத்தைக் கண்ட பிறகுதான். அதற்குள் பாதிப் பருவம் போயிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குளத்தில் 2 லட்சம் குஞ்சு விட்டு, 1 லட்சத்து 60 ஆயிரம் பிழைத்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 25 கிராம் வளர்ந்தால் 4,000 கிலோ, 40 கவுண்ட். அதே எண்ணிக்கை 10 கிராமில் நின்றுவிட்டால் 1,600 கிலோ, 100 கவுண்ட். எடை பாதிக்கும் கீழே போனது ஒருபுறம். சிறிய இறால் என்பதால் கிலோவுக்குக் கிடைக்கும் விலையும் விழுந்தது மறுபுறம். சாகுபடிச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிற தொழில் இது. இறால் சிறுத்ததால் தீவனக் கடை பாக்கி சிறுத்துவிடுமா?

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் சில நாட்களில் குளம் முழுதும் செத்து மிதக்கும். காக்கை கூடும், ஊர் கூடும், அதிகாரிகள் வருவார்கள், பத்திரிகையில் செய்தி வரும். இ.எச்.பி. வந்தால் ஒன்றும் நடக்காது. குளம் அமைதியாக இருக்கும். ஏரேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், மின்கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும். பத்துப் பேர் கூடிப் பேசும்போது "உனக்குப் பராமரிப்புப் போதாது" என்ற பழி மட்டும் பண்ணைக்காரர் தலையில் விழும். செத்த இறாலைக் காட்டி வங்கியில் தவணை கேட்கலாம். வளராத இறாலை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இது பண்ணைக்காரரின் அஜாக்கிரதையால் மட்டும் வருகிற நோயன்று. முதலில் இது விதையின் நோய். அப்புறம்தான் குளத்தின் நோய். விதையை விற்கிறவர் தன் பொறுப்பை முழுதாக ஏற்காதவரை, குளத்தில் எத்தனை மருந்து கொட்டினாலும் இது தீராது.

விதைக்குள் நோய் எப்படி வருகிறது? தாய் இறால்கள் முட்டையிடுவதற்குச் சத்தான உயிருணவு வேண்டும். அதற்காகக் கடற்கரைச் சேற்றிலிருந்து பாலிகீட் புழுக்களைப் பிடித்துக்கொண்டுவந்து உயிரோடு கொடுக்கும் பழக்கம் உண்டு. விலங்கியல் செய்முறை வகுப்பில் நாம் படம் வரைகிற நீரிஸின் உறவினங்கள்தாம் அவை. விமானத்தில் வந்து, தனிமைப்படுத்தலைக் கடந்து, சான்றிதழோடு இறங்கிய தாய்க்கு, சோதிக்கப்படாத சேற்றுப்புழு விருந்து! புழுவில் ஒட்டுண்ணி இருந்தால் தாய்க்கு வருகிறது. தாயின் மலம் தொட்டி நீரில் கலந்து முட்டையிலும் குஞ்சிலும் படுகிறது. புழுவை உறையவைத்தோ சூடேற்றியோ கொடுத்தால் இந்த வழியை அடைத்துவிடலாம் என்று வல்லுநர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் செலவும் கொஞ்சம் மனமும் இருந்தால் போதும்.

இனி நெசவோடு உறவுள்ள அந்தத் தொழிலுக்கு வருகிறேன். பட்டுப்புழு வளர்ப்பில் பெப்ரின் என்று ஒரு நோய் உண்டு. மிளகுப்பொடி தூவினாற்போல் புழுவின் மேல் கரும்புள்ளிகள் தோன்றும். அதை உண்டாக்குவதும் ஒரு மைக்ரோஸ்போரிடியாதான். நொசிமா பாம்பிசிஸ் என்று பெயர். நம் இறால் ஒட்டுண்ணியின் பங்காளி என்றே சொல்லலாம். பிரான்சு நாட்டில் 1853-இல் 2.6 கோடி கிலோவாக இருந்த பட்டுக்கூடு விளைச்சல், 1865-இல் 40 லட்சம் கிலோவுக்கு இறங்கியது. அந்த ஆண்டுதான் லூயி பாஸ்டர் தென் பிரான்சிலுள்ள அலே என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். அவர் ரசாயனம் படித்தவர். பட்டுப்புழுவோடு அதற்கு முன் பழக்கம் இல்லாதவர். ஆண்டுக்கணக்கில் அங்கே உழைத்து அவர் கண்ட முறை மிக எளியது. ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிடவை. இட்டதும் தாயை நசுக்கி நுண்ணோக்கியில் பார். வித்து தென்பட்டால் அந்த முட்டைகளை எரித்துவிடு. இல்லையென்றால் விற்பனைக்குக் கொடு. அவ்வளவுதான்! நோயுற்ற புழுவைக் குணப்படுத்தும் மருந்து எதையும் அவர் தேடிக்கொண்டிருக்கவில்லை.

அந்த முறை இன்றும் நம் நாட்டுப் பட்டு வித்தகங்களில் நடக்கிறது. 'நோயற்ற முட்டைத் தொகுதி' என்று விவசாயி வாங்கும் அட்டைக்குப் பின்னால் ஒரு நுண்ணோக்கியும், அதன் வழியே பார்த்த ஒரு கண்ணும் இருக்கின்றன. 2006-இல் திருத்தப்பட்ட மத்தியப் பட்டு வாரியச் சட்டம், பட்டுப்புழு முட்டையின் தரத்தைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. பட்டு விவசாயிக்கு உண்டான இந்தப் பாதுகாப்பு இறால் விவசாயிக்கும் அதே அழுத்தத்தோடு கிடைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

"குஞ்சு வாங்கும்போது பி.சி.ஆர். சோதனை செய்துகொள்ளலாமே" என்பார்கள். செய்யலாம், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இதில் புள்ளியியல் படிக்கும் நண்பர்கள் கவனிக்கவேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு தொட்டியில் நூற்றுக்கு 2 குஞ்சுகள் நோயுற்றவை என்று கொள்வோம். 150 குஞ்சுகளை எடுத்துச் சோதித்தால் அவற்றில் ஒன்றாவது நோயுற்றதாக அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 95. நல்லது. நோய் இருநூறுக்கு ஒன்றில்தான் இருக்கிறது என்றால்? அதே 150-ஐச் சோதித்தாலும் வாய்ப்பு நூற்றுக்கு 53 ஆகிவிடுகிறது. காசைச் சுண்டிவிட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. அந்த இருநூறில் ஒன்று 2 லட்சம் குஞ்சில் ஆயிரம் ஆகும். ஆயிரம் குஞ்சின் மலம் ஒரு குளத்துக்குப் போதாதா?

ஆகவே குஞ்சைச் சோதிப்பதோடு தாயையும் சோதிக்க வேண்டும். பாஸ்டர் சொன்னதும் தாயைப் பார் என்பதுதான். ஒரு தாய் ஒரு முறையில் லட்சத்துக்கு மேல் முட்டையிடும். ஒரு தாயைச் சோதிப்பது அத்தனை குஞ்சைச் சோதிப்பதற்கு ஈடு. இரண்டு நோய்களுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பெப்ரின் முட்டைக்கு உள்ளேயே புகுந்து வருவது; இ.எச்.பி. பெரும்பாலும் மலத்தின் வழியே முட்டையின் மேல் ஒட்டி வருவது. இந்த வேற்றுமை நமக்குச் சாதகம். தாயை நசுக்கத் தேவையில்லை, மலத்தைச் சோதித்தால் போதும். முட்டையைக் கழுவிச் சுத்தம் செய்யவும் வழியிருக்கிறது.

சட்டம் இல்லாமலில்லை. 2005-ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இருக்கிறது. 2023-இல் அதைத் திருத்தி, பொரிப்பகங்களையும் தாய் இறால் பெருக்கும் நிலையங்களையும் அதன் கீழ் அழுத்தமாகக் கொண்டுவந்தார்கள். நான் கேட்பது ஒன்றுதான். தாயின் சோதனைச் சீட்டும் குஞ்சின் சோதனைச் சீட்டும், தொட்டி எண்ணும் தேதியும் போட்டு, பிராணவாயு அடைத்த குஞ்சுப் பையோடு சேர்ந்தே குளக்கரைக்கு வரவேண்டும். சீட்டு இல்லாத பைக்குப் பணமில்லை என்று சொல்லும் உரிமை வாங்குகிறவருக்கு இருக்கவேண்டும். மறுசோதனைக்கு அவர் சென்னைக்கு அலையவேண்டாம். பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே சிறு பண்ணைக்காரர்களுக்குக் குறைந்த கட்டணத்தில், இரண்டொரு நாளில் முடிவு சொல்லும் சோதனைச் சாலையை அரசு ஏற்று நடத்தட்டும்.

மருந்துக் கடைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். தீவனத்தில் கலக்கும் பொடிகளும் திரவங்களும் வந்தவண்ணம் இருக்கின்றன. ஆராய்ச்சி நிலையங்களும் முயன்றுவருகின்றன. அவற்றை நான் குறை சொல்லவில்லை. இறாலின் உடம்பிலுள்ள வித்தின் சுமையை ஏதோ ஒன்று குறைத்தாலும், குளத்துச் சேற்றில் கிடக்கும் வித்தை அது என்ன செய்யும்? கனமான சுவர் கொண்ட வித்து அது. அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். சேற்றுக்குச் சரியான வைத்தியம் பழைய வைத்தியம்தான். குளத்தை நன்றாக உலரவிட்டு, ஹெக்டேருக்கு 6 டன் அளவில் சுட்ட சுண்ணாம்பைப் போட்டு, நாலைந்து அங்குலம் ஆழம் உழுது, நீர் தெளித்து நனைக்கவேண்டும். மண்ணின் காரத்தன்மை பி.எச். 12 வரை ஏறி இரண்டொரு நாள் நிற்கவேண்டும். கைப்பிடி சுண்ணாம்பைக் கரையோரம் தூவிவிட்டு 'சுண்ணாம்பு போட்டாயிற்று' என்பது சாமிக்குத் திருநீறு போடுவது போல; மனத்திருப்தி உண்டு, வித்து சாகாது.

'இறால் பண்ணைகளே வேண்டாம், ஒழிந்தால் நல்லது' என்ற கட்சியும் உண்டு. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, குடிநீர்க் கிணறுகள் உவர்த்துப்போனதையும், விளைநிலம் பாழானதையும், கழிவுநீர் கழியில் கலந்ததையும் கண்டித்தது. பழவேற்காட்டு மீனவர் இன்றைக்கும் அந்த ஏரி நீரை நம்பித்தான் வாழ்கிறார். எனினும் நோயைக் கொண்டு பண்ணையை ஒழிக்கலாம் என்று நினைப்பது விபரீதம். நோயால் முதலில் ஒழிபவர் இரண்டு ஏக்கர் குத்தகைக்காரர். பெரிய கம்பெனி ஒழியாது. நொடித்தவர் கைவிட்ட குளத்தின் நீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கழிக்கே போகிறது. நோயைக் கட்டுப்படுத்துவதும் கழிவுநீரைக் கட்டுப்படுத்துவதும் ஒரே காரியத்தின் இரண்டு முனைகள். வீண் வதந்தி கிளம்பாமலிருக்க இதையும் சொல்லிவிடுகிறேன்: இந்த ஒட்டுண்ணி மனிதரைத் தாக்குவதில்லை, இறால் உண்பவர்கள் பயப்பட வேண்டாம்.

கடைசியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சட்டம் தீர்க்காது. ஒரே கழியிலிருந்து பலர் நீர் எடுக்கிறார்கள், அதே கழியில் விடுகிறார்கள். ஒருவர் சுத்தமான குஞ்சு விட்டு, சுண்ணாம்பும் போட்டு, பக்கத்துக் குளத்தார் நோய் நீரைத் திறந்துவிட்டால் எல்லாம் வீண். பழவேற்காட்டு மீனவரிடம் 'பாடு' என்று ஒரு வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. எந்தத் துறையில் யார் எப்போது வலை கட்டுவது என்பதைக் குலுக்கல் போட்டு ஊரே முடிவு செய்யும். தண்ணீரைப் பொதுவில் வைத்துக்கொண்டு தொழிலைத் தனியே நடத்தத் தெரிந்தவர்கள் அவர்கள். அதே கரையில் இருக்கும் பண்ணைக்காரர்கள், ஒரு கழியை நம்பிய குளங்கள் யாவும் ஒரே வேளையில் காலியாகி, ஒரே வேளையில் உலர்ந்து, ஒரே வேளையில் குஞ்சு விடுவது என்று ஏன் கட்டுப்பாடு செய்துகொள்ளக் கூடாது? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தை மாதம் முழுவதும் குளங்கள் வெயில் காயட்டும். முதல் குஞ்சு மாசியில் இறங்கட்டும். முந்தி விட்டவருக்கு முந்தி அறுவடை, முந்திய விலை என்ற ஆசை இதற்கு முட்டுக்கட்டை என்பது தெரிந்ததே. ஒரு மாதம் பொறுக்கிறவருக்குக் குத்தகைத் தொகையில் அந்த மாதத்தைக் கழித்துக்கொடுக்க நில உடைமையாளர் இசைவாரா, தீவன வியாபாரி அந்த மாத வட்டியை விட்டுக்கொடுப்பாரா என்பதைத்தான் முதல் கூட்டத்தில் பேசவேண்டும். மாவட்ட மீன்வளத் துறை அதிகாரிகள் அந்தக் கூட்டத்தை மழைக்காலம் முடிவதற்குள், கார்த்திகையிலேயே கூட்டினால் நல்லது.